நோய் ஒன்றுதான், இடம்தான் வேறு

செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள், விடிந்தும் விடியாததுமாக டேனியின் ஆம்னி வேன் எங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்கும். ஹாரன் அடிக்கமாட்டான். என்ஜினை அணைக்காமல் வைத்திருப்பான். அந்தச் சத்தத்துக்கே நான் சட்டைப் பொத்தானைப் போட்டபடி இறங்கிவிடுவேன். பின்னாலேயே என் மனைவி ஜெபசீலி சாப்பாட்டுப் பையோடு வருவாள். அடுத்து பாகலூர் ரோட்டில் ஜோதிமணியக்கா ஏறுவார். கடைசியாகப் பேருந்து நிலையத்து வாசலில் கங்கப்பன் நிற்பார். தளியிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து, தலையில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு, கையில் ஒரு தூக்குவாளியோடு நிற்பார்.

எங்கள் மூன்று பேருக்கும் சிறுநீரகம் செயலிழந்துவிட்டது. எல்லையைத் தாண்டி, பெங்களூருக்குள் நுழைகிற ரோட்டில் இருந்த ஒரு ஆஸ்பத்திரியில் அடுத்தடுத்த படுக்கைகளில் எங்களுக்கு டயாலிசிஸ். ஜன்னலோரம் கங்கப்பன், நடுவில் நான், சுவரோரம் ஜோதிமணியக்கா. 2006-இல் ஆரம்பித்தது. ஏறக்குறைய மூன்று வருடம் என் வாழ்க்கை அந்த வேனுக்குள்ளும் அந்தப் படுக்கையிலும்தான் நடந்தது.

அப்போது அந்த ரோடு முழுக்க மேம்பாலத்துக்காகத் தூண் நட்டுக்கொண்டிருந்தார்கள். அத்திப்பள்ளி சோதனைச்சாவடியில் லாரிகள் வரிசைகட்டி நிற்கும். அதைத் தாண்டியதும் கடைப்பலகைகளில் எழுத்து மாறும், செல்போனில் ரோமிங் வந்துவிட்டதாக ஒரு செய்தி வரும். ரோமிங்கில் காசு அதிகம், அதற்குள் பேசி முடித்துவிட வேண்டும் என்று அக்கா ஓசூரிலேயே ஆரம்பித்துவிடுவார். தான் நடத்துகிற மெஸ்ஸில் வேலை செய்கிற பெண்ணுக்கு அன்றைய சமையலைச் சொல்லிக்கொண்டே வருவார். "புளியக் கரைச்சிட்டியா? பருப்ப நல்லா கடைஞ்சு விடு. தாளிக்கிறப்ப..." என்னும்போது சோதனைச்சாவடி வந்துவிடும், போனை அணைத்துவிடுவார். தாளிக்கும்போது என்ன செய்ய வேண்டும் என்பது அந்தப் பெண்ணுக்கு ஒரு நாளும் தெரிந்ததில்லை என்று டேனி கிண்டல் செய்வான். அக்கா அவன் பின்மண்டையில் ஒரு தட்டு தட்டுவார்.

அக்காவை எனக்கு அதற்கும் முன்பே தெரியும். டிப்ளமோ முடித்துவிட்டு 1988-இல் ஓசூருக்கு அப்ரண்டிஸாக வந்தபோது எனக்கு ஒரு ஆளையும் தெரியாது. குளிர் வேறு. விருதுநகர்ப் பக்கத்து அம்மா ஒருவர் மெஸ் நடத்துகிறார், நம்ம ஊர்க் குழம்பு கிடைக்கும் என்று யாரோ சொல்லிப் போனேன். அவர்தான் ஜோதிமணியக்கா. கணவர் பரமசிவம் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தார். இரண்டாவது ஷிப்ட் முடிந்து வருகிற பையன்களுக்காக அக்கா அடுப்பை அணைக்காமல் வைத்திருப்பார். அன்றைக்கே நல்ல கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல். "ஏய்யா, இன்னும் ரெண்டு கரண்டி வாங்குய்யா, எங்க போகப்போகுது" என்று அவர் சொல்வதை மறுத்து எழுந்தவன் எவனும் இல்லை.

எனக்குக் கல்யாணமாகி மெஸ் விட்டுப்போய்ப் பல வருடங்கள் கழித்து, இரத்த அழுத்தத்தைக் கவனிக்காமல் விட்டதில் என் சிறுநீரகம் போய், டயாலிசிஸ் அறையில் முதல்நாள் படுத்திருந்தபோது, பக்கத்துப் படுக்கையிலிருந்து, "சிஸ்டர், இந்தத் தம்பிக்கு ஒரு போர்வை குடுங்க, நடுங்குறாரு" என்று ஒரு குரல் கேட்டது. திரும்பிப் பார்க்காமலே தெரிந்துவிட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஊசி வலி என்று நினைத்துக்கொண்டு நர்ஸ் சமாதானம் சொன்னாள்.

கங்கப்பன் தளியில் ரோஜாவும் பீன்ஸும் போடுகிறவர். ஒல்லியான ஆள். வீட்டில் கன்னடம், எங்களிடம் தமிழ், கோபம் வந்தால் தெலுங்கு. அவருடைய தூக்குவாளியில் இருப்பது பெரும்பாலும் பூதான். அன்றைக்கு மார்க்கெட்டுக்குப் போகாமல் மிஞ்சியது. வேன் முழுக்க ரோஜா வாசமும் டீசல் புகையும் கலந்து அடிக்கும். ஜெபசீலிக்கு ஒன்று, அக்காவுக்கு ஒன்று, டயாலிசிஸ் நர்ஸ்களுக்கு மீதி.

அப்படிப் போய்க்கொண்டிருந்த நாளில், 2007 தொடக்கத்தில், கங்கப்பனின் இடதுகால் விரல் ஒன்றின் நுனி நீலமாயிற்று.

முதலில் கல் தட்டிய காயம் என்றார். பிறகு அடுத்த விரலும் நீலமாயிற்று. பாதத்தின் மேல்தோலில் ஊதாநிறத்தில் வலைபோலக் கோடுகள் ஓடின. வலி என்றால் சாதாரண வலி இல்லை. வேன் ஒரு பள்ளத்தில் இறங்கினால் போதும், மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னல் கம்பியைப் பிடிப்பார். ஒரு போர்வை படக்கூடாது, காற்று படக்கூடாது. சில வாரங்களில் நுனி கறுத்துவிட்டது. பீடி குடித்ததால் இரத்தக்குழாய் அடைத்துவிட்டது என்று எல்லோரும் சொன்னோம். ஆனால் பாதத்தில் நாடி நன்றாகவே துடிக்கிறது என்று இரத்தக்குழாய் டாக்டர் சொல்லிவிட்டார். பெரிய குழாய் எதுவும் அடைக்கவில்லை. பிறகு ஏன் விரல் கறுக்கிறது?

எங்கள் சிறுநீரக டாக்டர் சரஸ்வதி சேலத்துக்காரர். குனிந்து அந்த விரல்களை நெடுநேரம் பார்த்தார். இரத்தப் பரிசோதனைகள் எழுதினார். அதற்கடுத்த முறை நாங்கள் மூவரும் மெஷினில் இருக்கும்போது நடுவில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

"இதுக்குப் பேரு கால்சிஃபைலாக்சிஸ்," என்றார். "டயாலிசிஸ்ல இருக்கிறவங்கள்ல ஏதோ ஒருத்தர் ரெண்டு பேருக்கு வரும். உங்க ஊர்ல போர்வெல் தண்ணி ஓடற பைப்புல உள்ள வெள்ளையா உப்பு புடிச்சிக்கும் இல்ல? அந்த மாதிரி தோலுக்கு அடியில இருக்கிற ரொம்பச் சின்ன ரத்தக்குழாய்ல சுண்ணாம்பு படிஞ்சிரும். ரத்தம் போகாது. போகலைன்னா அந்த எடத்துத் தோலு செத்துப்போயிடும்."

"எனக்கு ஏன் வந்திச்சி?" என்று கேட்டார் கங்கப்பன்.

கழுத்துக்குள் இருக்கிற, சுண்ணாம்புச் சத்தைக் கட்டுப்படுத்துகிற சின்னச் சுரப்பிகள் அவருக்கு அளவுமீறி வேலைசெய்கின்றன என்றார் டாக்டர். அவற்றை ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். சாப்பாட்டோடு சாப்பிடுகிற கால்சியம் மாத்திரையை நிறுத்தி வேறு மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு விரல் காய்ந்து கறுத்து, சுள்ளிபோல ஆகித் தாமாகவே விழுந்தன. மற்றவை பிழைத்தன. புண் ஆறுவதற்கு மாம்பழ சீசன் முடிந்து மழை வந்துவிட்டது. ஆனால் ஆறியது. தூக்குவாளியில் மறுபடியும் ரோஜா வந்தது.

அந்த மாதங்களில் அக்காதான் அவரைப் பேச்சிலேயே தூக்கி நிறுத்தினார். நோயின் பெயரை அக்காவால் முழுதாகச் சொல்ல முடியாது. "கால்ல வந்ததால கால்சின்னு பேரு வச்சிருக்காங்கபோல. கையில வந்திருந்தா கைசி" என்பார். அவ்வளவு வலியிலும் கங்கப்பன் சிரித்துவிடுவார்.

அவருடைய புண் ஆறிய அந்த மழைக்காலம் முடிகிறபோதுதான் அக்காவுக்கு ஆரம்பித்தது.

தொடையில் கிள்ளுகிறமாதிரி வலி என்று ஜெபசீலியிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். அக்காவுக்குச் சர்க்கரை உண்டு, தொடையிலும் வயிற்றிலும் தானே இன்சுலின் போட்டுக்கொள்வார். ஊசி குத்திய இடம் கட்டிவிட்டது என்று நினைத்திருந்தார். டாக்டரிடம் காட்ட வெட்கம். ஒருநாள் ஆஸ்பத்திரி பாத்ரூமில் புடவை கட்ட உதவும்போது ஜெபசீலி பார்த்துவிட்டாள். வேனில் திரும்பும்போது என் காதில் மட்டும் சொன்னாள்:

"ரெண்டு தொடையிலயும் வலை மாதிரி ஊதாக் கோடு ஓடுதுங்க. அடிவயித்துலயும் இருக்கு. தொட்டா உள்ள கொட்டைப்பாக்கு மாதிரி கல்லுகல்லா தட்டுப்படுது. கங்கப்பண்ணன் பாதத்துல இருந்த அதே கோடு."

அடுத்த முறை அக்காவைக் கேட்காமலே ஜெபசீலி டாக்டரிடம் சொல்லிவிட்டாள். திரையை இழுத்துவிட்டுப் பார்த்தார்கள். வெளியே வந்த டாக்டரின் முகத்தை நான் படுக்கையில் இருந்தபடியே பார்த்தேன். கங்கப்பனின் கறுத்த விரலைப் பார்த்தபோதுகூட அந்த முகம் அவ்வளவு வாடவில்லை.

ஆனால் திரைக்குள்ளிருந்து அக்காவின் குரல் தெம்பாகத்தான் வந்தது. "அண்ணனுக்கு வந்ததுதான டாக்டரம்மா? அவருக்கு வெரலே கருகிப்போச்சு, அதுவே சரியாப்போச்சு. எனக்குத் தோலுகூட உரியல. சும்மா கோடுதான போட்டிருக்கு."

டாக்டர் திரையை விலக்கிவிட்டு, அக்காவின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்தார். மறைத்துப் பேசுகிறவர் இல்லை அவர்.

"அதே நோய்தாம்மா. ஆனா எடம் வேற. இதுல அதுதான் பெரிய வித்தியாசம். விரல், கால்நுனி, இந்த மாதிரி ஓரத்துல வந்தா பாக்கப் பயங்கரமா இருக்கும், ஆனா பொழைச்சிக்கிறவங்க அதிகம். தொடை, வயிறு, மார்புன்னு கொழுப்பு இருக்கிற எடத்துல, நடு உடம்புல வந்தா, பாக்க லேசா இருந்தாலும் அது கஷ்டமான வகை."

"வகை வேற இருக்கா இதுல," என்றார் அக்கா.

"இன்னொண்ணும் இருக்கு. புண்ணு ஆகாத நிலைன்னு ஒண்ணு, ஒடைஞ்சு புண்ணு ஆன நிலைன்னு ஒண்ணு. நீங்க இன்னும் ஒடையாத நிலையில இருக்கீங்க. அது நல்லது. ஒடைஞ்சா கிருமி உள்ள போயிடும். அதனால சதையைக் கொஞ்சம் வெட்டி எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பறதுகூட இப்ப வேணாம்னு நெனைக்கிறேன். வெட்டுன எடமே ஆறாமப் போயிடலாம். இனிமே தொடையில, வயித்துல ஊசி போடாதீங்க. கையில போட்டுக்கலாம்."

அக்காவுக்கு நெஞ்சு சீராகத் துடிக்காது என்று, இரத்தம் கட்டாமலிருக்க ஒரு மாத்திரை கொடுத்துவந்தார்கள். இந்த நோய்க்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று, இருதய டாக்டரிடம் பேசி டாக்டர் சரஸ்வதி அதை நிறுத்தினார். கால்சியம் மாத்திரையும் நின்றது. கழுத்துச் சுரப்பி அக்காவுக்குச் சரியாகத்தான் இருந்தது, அதனால் எடுத்துவிட்டுச் சரிசெய்ய அங்கே ஒன்றும் இல்லை. வாரத்துக்கு மூன்று டயாலிசிஸ் ஐந்தாயிற்று. அதன் கடைசி ஒரு மணி நேரத்தில் சோடியம் தயோசல்பேட் என்று ஒரு மருந்தை ஏற்றப்போவதாகச் சொன்னார். சயனைடு விஷத்துக்குக் கொடுக்கிற மருந்து, இந்த நோய்க்கும் கேட்கிறது என்று சமீபத்தில்தான் கண்டிருக்கிறார்கள் என்றார்.

எனக்கு அந்தப் பெயர் தெரியும். நான் வேலை பார்த்த தொழிற்சாலையில், இரும்பைப் பழுக்கக் காய்ச்சிக் கடினப்படுத்துகிற பிரிவில் சயனைடு உப்பு உண்டு. சுவரில் மாட்டிய சிவப்புப் பெட்டிக்குள் அந்த மருந்துப் புட்டி இருக்கும். சர்வீஸ் முழுக்க அதைத் திறக்க நேரவே இல்லை. இதை அக்காவிடம் சொன்னேன்.

"நல்லதுய்யா," என்றார். "ஒங்க பேக்டரியில யாரும் தின்னல, மிச்சமிருக்கு. அத நான் தின்னுக்கிறேன்."

மருந்து ஏறும்போது குமட்டிக்கொண்டு வரும். ஜெபசீலி பக்கத்தில் கிண்ணத்தோடு நிற்பாள். வாந்தி எடுத்து முடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, மெஸ்ஸில் அன்றைக்கு யார் யார் சாப்பிட வந்தார்கள் என்று பரமசிவத்துக்கு போன் போட்டுக் கேட்கச் சொல்வார்.

இதற்கிடையில் ஒரு செவ்வாய்க்கிழமை பேருந்து நிலையத்து வாசலில் கங்கப்பன் இல்லை. பஸ்ஸை விட்டுவிட்டார் என்று நினைத்தோம். ஆஸ்பத்திரிக்குப் போனால், மதிய ஷிப்ட்டுக்கு மாற்றிக் கேட்டிருக்கிறார் என்று நர்ஸ் சொன்னாள். வியாழக்கிழமையும் இல்லை. நாங்கள் முடித்துவிட்டு வேனில் ஏறும்போது, கூட்டம் பிதுங்குகிற டவுன்பஸ்ஸிலிருந்து அவர் இறங்குவதை டேனி பார்த்தான். புண் ஆறி அதிக நாள் ஆகாத பாதத்தோடு, யாரும் மிதித்துவிடாமல் தூக்குவாளியைக் காலுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு இறங்கினார். எங்களைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நம்ம மேல என்ன கோவம் அவருக்கு?" என்றார் அக்கா.

டேனிதான் விசாரித்து வந்தான். கோபமில்லை. தன்னிடமிருந்துதான் அக்காவுக்கு அந்த நோய் ஒட்டியது என்று கங்கப்பன் முடிவுசெய்துவிட்டார். அதே வேன், அதே அறை, அதே நோய். வேறென்ன காரணம் இருக்க முடியும்? நடுப்படுக்கையில் இருக்கிற எனக்கும் அது வந்துவிடக்கூடாது என்று ஒதுங்கிவிட்டார்.

"டேனி, ஞாயித்துக்கிழம வண்டி சும்மாதான இருக்கு?" என்றார் அக்கா.

"அக்கா, தளி ரோட்டுல உங்களால உக்கார முடியாது," என்றான் டேனி.

"படுத்துக்கிறேன்."

படுத்துக்கொண்டுதான் வந்தார். பின்சீட்டில் இரண்டு தலையணைக்கு நடுவில், தொடையில் எதுவும் உரசாமல் பரமசிவம் பிடித்துக்கொள்ள, பள்ளம் வரும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டார். ஜனவரி மாதம். வெயில் ஏறியும் தளிப்பக்கம் குளிர் விடவில்லை. பிளாஸ்டிக் கூரை போட்ட ரோஜாத் தோட்டங்கள் வரிசையாக வந்தன. கதவுக்கண்ணாடியை இறக்கச் சொன்னார் அக்கா. "இவ்வளவு வருசமா ஓசூர்ல இருக்கேன், இந்தப் பக்கம் வந்ததே இல்ல. அடுப்படிய விட்டு எங்க வர," என்றார்.

கங்கப்பன் தோட்டத்தில் பீன்ஸ் பறித்துக்கொண்டிருந்தார். வேனைப் பார்த்ததும் கூடையை வைத்துவிட்டு அப்படியே நின்றார். அவர் மனைவி நாகம்மாள் ஓடிவந்து நாற்காலி போட்டாள். அக்காவை நாங்கள் மூன்று பேர் பிடித்து இறக்கி, நாற்காலி நுனியில் ஒருக்களித்து உட்காரவைத்தோம். கங்கப்பன் கிட்டே வரவில்லை.

"அங்கயே இருங்கம்மா. பக்கத்துல பேடா, வேணாம்," என்றார்.

"நான் இவ்வளவு தூரம் வந்தும் நீங்க பக்கத்துல வரலைன்னா எந்திரிச்சு வருவேன். எந்திரிச்சா வலிக்கும். ஒங்களுக்குப் பரவாயில்லையா?"

அவர் வந்து தரையில் குந்தினார்.

"என் பக்கத்துல படுத்ததாலதான் உங்களுக்கு வந்திச்சிம்மா. மிஷின்ல ரத்தம் போயிப் போயி வருது. அது வழியா வந்திருக்கும்."

"மிஷின் வழியா வர்றதா இருந்தா மொதல்ல யாருக்கு வரணும்? நடுப் பெட்டு யாரு பெட்டு?" என்று என்னைக் காட்டினார் அக்கா. "ஒங்களத் தாண்டி, தம்பியத் தாண்டி என்கிட்ட வர்றதுக்கு அது என்ன டவுன்பஸ்ஸா?"

டேனி சிரித்துவிட்டான். கங்கப்பன் சிரிக்கவில்லை.

"அண்ணே, கேளுங்க," என்றார் அக்கா. குரல் தணிந்திருந்தது. "டாக்டரம்மாகிட்ட நல்லாக் கேட்டுட்டேன். நோயி ஒண்ணுதான், ஆனா ஒங்களுது ஒரு வகை, என்னுது ஒரு வகை. ஒங்களுக்குக் கழுத்துச் சுரப்பி கெட்டு, நுனியில வந்துச்சு. அத எடுத்தாங்க, நின்னுபோச்சு. எனக்குச் சுரப்பி நல்லாத்தான் இருக்கு. இந்தச் சர்க்கர, இந்தக் கனம், நெஞ்சுக்கு முழுங்குன மாத்திர எல்லாம் சேந்து நடு ஒடம்புல வந்துச்சு. ஒங்க நோயி எனக்கு வந்திருந்தா எனக்கும் வெரல்லதான வந்திருக்கணும்?"

கங்கப்பன் யோசித்தார். "அப்ப உங்களுக்கும் காஞ்சி விழுந்து சரியாயிடாதா?"

"தொடைய எங்கண்ணே விழவிடுறது?" என்று சிரித்தார் அக்கா. சிரிப்பு நின்றதும் சொன்னார்: "சரியாகலாம். ஆகாமலும் போகலாம். என்னுது கொஞ்சம் பொல்லாத வகை. ஒடையாம இருக்குறவரைக்கும் தைரியமா இருக்கச் சொல்லியிருக்காங்க. இருக்கேன். நீங்க கூட வந்தா இன்னும் தைரியமா இருப்பேன். இந்த வலி என்னான்னு அந்த வண்டியில ஒங்க ஒருத்தருக்குத்தான் தெரியும். மத்தவங்க எல்லாம் பாவம், ஐயோன்னு பாக்கத்தான் தெரியும்."

பரமசிவம் எழுந்து தோட்டத்துப்பக்கம் போய்விட்டார். கங்கப்பன் தலையைக் குனிந்துகொண்டு நெடுநேரம் தன் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது.

நாகம்மாள் எங்களை விடவில்லை. ராகிக்களியும் பிதுக்கப்பருப்புக் குழம்பும் போட்டாள். எங்கள் மூன்று பேருக்கும் அதெல்லாம் கணக்குப் பார்த்துத்தான் சாப்பிட வேண்டும். அக்கா எலுமிச்சை அளவு களியை உருட்டி, குழம்பில் தொட்டு விழுங்கினார். அந்த ஊரில் அதை மெல்லக்கூடாது என்று நாகம்மாள் சொல்லிக்கொடுத்தாள். "நான் சமைச்சு மத்தவங்க சாப்பிட்டுத்தான் பாத்திருக்கேன். யாரோ சமைச்சு நான் உக்காந்து சாப்புட்டு எத்தன வருசமாச்சு," என்றார் அக்கா. இன்னொரு உருண்டைக்குக் கை நீட்டினார். ஜெபசீலி கண்ணைக் காட்டினாள். கையை மடக்கிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை கங்கப்பன் பேருந்து நிலையத்து வாசலில் நின்றார்.

அதற்குப் பிறகு ஒரு நல்ல காலம் வந்தது. மருந்து கேட்டது. வயிற்றுக் கட்டிகள் இளகின, வலி பாதியாயிற்று. ஒரு சனிக்கிழமை திரும்பும்போது, எல்லை தாண்டி ஓசூருக்குள் நுழைந்ததும், வேனை மெஸ்ஸுக்கு விடச் சொன்னார் அக்கா. ஸ்டூலில் உட்கார்ந்தபடியே ஒரு குழம்பைத் தாளித்துக் காட்டினார். அந்த வேலைக்காரப் பெண் பக்கத்தில் நின்று பார்த்தாள். அக்கா நன்றாகிவிடுவார் என்றே நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டோம். டாக்டர் சரஸ்வதிகூட சிரித்தமுகமாக இருந்தார்.

ஏப்ரலில், இடதுதொடையில் ஒரு இடம் உடைந்தது.

பெரிய புண் இல்லை முதலில். ஒரு வெற்றிலை அளவு. பிறகு கரிபோல ஒரு பொருக்கு கட்டி, அதன் ஓரம் விரிந்துகொண்டே போயிற்று. அக்காவை ஆஸ்பத்திரியிலேயே சேர்த்துக்கொண்டார்கள். வேனில் அவர் இடம் காலியாக இருந்தது. அதில் யாரும் உட்காரவில்லை. ஜெபசீலி பையைக்கூட மடியில்தான் வைத்துக்கொள்வாள்.

புண்ணுக்குக் கட்டு மாற்றும் வேளைதான் மோசம். வலி ஊசி போட்டும் அந்தக் கனத்த குரல் வராந்தா முழுக்கக் கேட்கும். டயாலிசிஸ் முடிந்ததும் களைப்போடு களைப்பாகக் கங்கப்பன் மாடியேறிப் போவார். உள்ளே விடமாட்டார்கள். கதவுக்கு வெளியே நின்று, "ஜோதியம்மா, மூச்சப் புடிச்சிக்காதீங்க. விடுங்க. விட்டாதான் வலி போவும். நான் அப்பிடித்தான் பண்ணன்," என்பார். உள்ளேயிருந்து, "விடுறேண்ணே," என்று பதில் வரும். கொஞ்சநேரத்தில் குரல் தணியும். இதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். கட்டுப்போடுகிற நர்ஸ்கள், "தளிக்காரரு வந்துட்டாரா?" என்று பார்த்துவிட்டுத்தான் வேலையை ஆரம்பிப்பார்கள்.

பரமசிவம் அதிகம் பேசாதவர். ஒருநாள் என்னிடம் சொன்னார்: "அவளுக்கு எல்லாம் தெரியும் தம்பி. ஒடைஞ்ச அன்னைக்கே சொல்லிட்டா. அடுத்து கிருமி, அதுக்கடுத்து காய்ச்சல்னு வரிசையாச் சொன்னா. சமையல் சொல்ற மாதிரியே சொன்னா."

காய்ச்சல் ஜூன் மாதம் வந்தது. கிருஷ்ணகிரி ரோட்டில் மாங்காய் லாரிகள் மாம்பழக்கூழ்த் தொழிற்சாலைகளுக்கு இரவும் பகலும் ஓடிக்கொண்டிருந்த நேரம். கிருமி இரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். கடைசியாக நாங்கள் பார்க்கப் போனபோது அக்கா பாதி மயக்கத்தில் இருந்தார். ஜெபசீலி அவர் நெற்றியில் கைவைத்து ஜெபித்தாள். முடித்ததும் அக்கா கண்ணைத் திறந்து, "தம்பி சாப்பிட்டாரா?" என்று கேட்டார். வெள்ளிக்கிழமை காலை இறந்துபோனார்.

உடலை பாகலூர் ரோட்டுக்குக் கொண்டுவந்தார்கள். மதியத்துக்கு மேல், முதல் ஷிப்ட் விட்டதும், கூட்டம் வர ஆரம்பித்தது. நீலச் சட்டை, சாம்பல் சட்டை, காக்கிச் சட்டை என்று ஒவ்வொரு தொழிற்சாலை யூனிபார்மிலும் வந்தார்கள். இருபது வருடமாக அந்த மெஸ்ஸில் சாப்பிட்டவர்கள். தலைநரைத்த சூப்பர்வைசர்கள் தெருவோரத்தில் குந்தி அழுதார்கள். கங்கப்பனும் நாகம்மாளும் இரண்டு கோணிநிறைய ரோஜா கொண்டுவந்திருந்தார்கள். மார்க்கெட்டுக்கு என்று கட்டிவைத்திருந்த பூ. பாடையில் வைத்தது போக, மீதியை வந்தவர்கள் கையில் எல்லாம் கொடுத்தார் அவர்.

அடுத்த வருடம் என் உடன்பிறந்த அக்கா எனக்கு ஒரு சிறுநீரகம் கொடுத்தாள். வேன் எனக்கு நின்றுபோயிற்று. பரமசிவம் வேலையை விட்டுவிட்டு விருதுநகர்ப் பக்கம் போய்விட்டார். மெஸ்ஸை அந்த வேலைக்காரப் பெண்ணே எடுத்து நடத்தினாள். கங்கப்பன் இன்னும் சில வருடம் டேனியின் வேனில் போய்வந்தார். அவருக்கு அந்த நோய் திரும்ப வரவில்லை. மீதமிருந்த எட்டு விரலோடு வரப்பில் வேகமாகவே நடப்பார். மாதம் ஒருமுறையாவது நான் தளிக்குப் போய்விடுவேன். பேச விஷயம் ஒன்றும் இருக்காது. டேனி எந்தப் பள்ளத்தில் எப்படி வளைப்பான், எந்த நர்ஸுக்குக் கல்யாணமாயிற்று, ஜோதியம்மா அன்றைக்கு என்ன சொன்னார் என்று பேசிப்பேசி, திரும்புகிற பஸ்ஸை விட்டுவிடுவேன்.

ஒருமுறை அப்படி நேரங்கழித்து வீட்டுக்கு வந்தபோது ஜெபசீலி கேட்டாள்:

"ஊசி, வாந்தி, வலி, சாவு. அந்த மூணு வருசத்த நெனச்சா எனக்கு இன்னும் ராத்தூக்கம் போயிடுது. நீங்க என்னமோ கல்யாண வீட்டுக்குப் போயிட்டு வந்த மாதிரி பேசிட்டு வர்றீங்களே."

செருப்பைக் கழற்றிவைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். அவள் சோற்றைப் போட்டு முன்னால் வைத்தாள்.

"கூட இருந்தவங்க அப்படி, ஜெபா," என்றேன்.

"ஆமா," என்று சொல்லி அவளும் எதிரில் உட்கார்ந்துகொண்டாள்.